வேலை நிற்கக் கடுதாசி கேட்டு வருகிறவர்கள்

சனிக்கிழமை சாயந்திரம் என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், யாரோ கடுதாசி எழுத வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, நான் சொல்லாமலே என் மனைவி தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டி விடுவாள். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்றால் அப்படித்தான். பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பது பாதி வேலை. பெற்றோருக்கு மலாயில் கடுதாசி எழுதிக் கொடுப்பது மீதி வேலை. தண்ணீர் பில்லுக்குத் தவணை, பிறப்புப் பத்திரத்தில் பெயர்த் திருத்தம், பிள்ளைக்கு உதவிச் சம்பளம் என்று இருபது வருஷத்தில் எத்தனையோ எழுதியாகி விட்டது. ஆனால் அண்மைக் காலத்தில் அதிகமாக எழுதச் சொல்லிக் கேட்பது ஒரே ஒரு கடுதாசிதான்: வேலை நிற்கிற கடுதாசி.

சென்ற மாதம் வந்தவன் என்னிடம் படித்த பையன். வயது இருபத்தாறு. சுங்கை சோ பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருஷமாக வேலை. பின்னாலேயே அவன் தாயார் இன்னொரு வண்டியில் வந்து இறங்கினார். உள்ளே வரவில்லை, கேட்டருகிலேயே நின்றுகொண்டார்.

"சார், ஒரு லெட்டர் எழுதித் தரணும். வேலை நிக்கப் போறேன்."

"ஏம்ப்பா?"

"பிடிக்கல சார்."

இந்த 'பிடிக்கல' என்ற ஒரு சொல்லை எத்தனையோ பேர் வாயால் கேட்டு விட்டேன். அதற்குள்ளே என்னென்னவோ ஒளிந்திருக்கும். "நாளைக்குக் காலையில வா, எழுதித் தரேன்" என்று அனுப்பி வைத்தேன். கேட்டருகில் நின்ற அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எழுதிக் கொடுங்கள் என்று கும்பிட்டாரா, எழுதாதீர்கள் என்று கும்பிட்டாரா, அப்போது எனக்கு விளங்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் அப்பாவுக்கு இப்படி ஒரு கடுதாசி எழுதும் யோசனை ஒரு தடவையாவது வந்திருக்குமா என்று நினைத்துப் பார்த்தேன்.

வீடும் வேலையும் ஒரே முடிச்சு

அப்பா பால் மரம் வெட்டியவர். விடியற்காலை நாலரை மணிக்குப் பிரட்டுக்களம், பிறகு நிரை, உளி, மங்கு, வாளி. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும், சம்பளமும் குறையும். அப்பாவுக்கு வேலை பிடித்திருந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னை ஒரு மாதிரி பார்த்திருப்பார். சோறு பிடித்திருக்கிறதா என்று பசித்தவனிடம் கேட்பது போன்ற கேள்வி அது.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தெரியாது. தோட்டத்தில் வேலை நிற்பது என்றால் வேலையை மட்டும் விடுவதல்ல. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆயாக் கொட்டகை, கோயில், பிள்ளை நடந்து போகிற பள்ளிக்கூடம், கொல்லைப்புறத்து வாழை, கடனுக்கு அரிசி கொடுக்கிற தோட்டத்துக் கடை எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவரே வீட்டை விட்டுக் கொடுக்காமல் இருக்க, படித்துக்கொண்டிருந்த மகனை நிறுத்தித் தோட்டத்தில் பேர் பதிந்த கதை ஒவ்வொரு லயத்திலும் ஒன்றாவது உண்டு. அந்தப் பையன்கள் வேலைக்குப் போனது சம்பளத்துக்காக அல்ல, கூரைக்காக.

நிற்க நினைக்காதவர்களைக் காலமே நிறுத்தியதும் உண்டு. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடலில் பலர் வேலையும் வீடும் இழந்தார்கள். அதைக் கண்டுதான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்து 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்கு பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்றது. சிவப்பு அடையாளக் கார்டுக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கப்பல் ஏறினார்கள். என் தாத்தாவின் தம்பியும் அதில் ஒருவர். அவர் யாரிடமும் கடுதாசி எழுதி வாங்கவில்லை. அவருக்குத்தான் கடுதாசி வந்தது.

பிறகு 1972இல் சுங்கைவேயில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. தோட்டத்துப் பெண்பிள்ளைகள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். மழை பெய்தாலும் சம்பளம் உண்டு என்ற ஒன்றே அவர்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. மாதம் முடிந்தால் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடிந்த சம்பளத்தை எங்கள் லயத்தில் முதலில் கண்டவர் என் அத்தைதான்.

நம் வட்டாரத்தைப் பாருங்கள். ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் நடுவே இருக்கும் இந்தச் சுங்கை சோவில் 1990களில் பெரோடுவா கார்த் தொழிற்சாலை வந்தது. 1994இல் முதல் கஞ்சில் கார் வெளியாயிற்று. அதைச் சுற்றிச் சின்னதும் பெரிதுமாக எத்தனையோ பட்டறைகள். அந்தப் பக்கம் புக்கிட் பெருந்தோங்கில் தோட்டமாக இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. பத்தாங் காலியிலும் கோலசிலாங்கூர்ப் பக்கத்திலும் பால் மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகத்தான் வேண்டும், அதற்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். நாம் தோட்டத்தை விட்டோமா, தோட்டம் நம்மை விட்டதா என்று கேட்டால், இரண்டும்தான்.

ஆக, வேலை நிற்பதை யோசிக்க முடிகிறது என்பதே நம் ஜனங்களுக்குப் புதிய சங்கதி. பெரியவர்கள் இதை மறந்துவிட்டு, "இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒரு இடத்திலேயும் கால் தரிக்காது" என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் முழு உடன்பாடு இல்லை.

சம்பளம் மட்டுமா?

சம்பளம் போதவில்லை என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்கிற காரணம். பொய்யில்லை. ஆனால் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் வேறு காரணம் வெளியே வரும்.

பதினாலு வருஷம் ஒரே பட்டறையில் இரும்பு ஒட்டுகிற ஒருவர் வந்தார். அவர் சம்பளம் 1,780 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2022 மே மாதம் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. நல்ல காரியம்தான், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் நேற்று வந்து சேர்ந்த பையனுக்கு 1,700. பதினாலு வருஷம் கண் எரிய உழைத்தவருக்கு அதைவிட எண்பது வெள்ளி கூட. "எண்பது வெள்ளிதான் சார் என்னோட பதினாலு வருஷம்" என்றார். சட்டம் கீழே இருப்பவரைத் தூக்கி விட்டது. மேலே இருப்பவருக்கு எவ்வளவு கூட்டுவது என்பதை முதலாளியின் மனசுக்கு விட்டு விட்டது. தொழிற்சங்கம் இருக்கிற இடத்தில் கேட்க ஆள் உண்டு. பட்டறையில் யார் கேட்பது?

இன்னொரு அம்மா, துப்புரவு வேலை. கணக்குப் பார்த்தால் சம்பளத்தில் குறையில்லை. ஆனால் மேற்பார்வையாளர் அவரை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். "ஏய்"தானாம். அவர் மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "பட்டம் வாங்குற பிள்ளையோட அம்மாவ இன்னும் 'ஏய்'னு கூப்பிடுறான் சார்." அன்று நான் எழுதிய கடுதாசியில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்றுதான் போட்டேன். எல்லாக் கடுதாசியிலும் அப்படித்தான் போடுவது வழக்கம். உண்மையான காரணம் கடுதாசியில் ஏறுவதில்லை. அதனால்தானோ என்னவோ முதலாளிமாருக்குக் கடைசி வரை தெரிவதும் இல்லை.

ராத்திரி ஷிப்டு இன்னொரு பெரிய காரணம். புருஷன் ராத்திரி, பெண்டாட்டி பகல். பிள்ளைகள் என் வகுப்பில் வந்து தூங்கும். கூட்டுக் குடும்பமாக லயத்தில் இருந்தபோது பாட்டி பார்த்துக்கொண்டாள், பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். இப்போது அடுக்குமாடியில் மூன்றாவது மாடிப் பிள்ளையை யார் பார்ப்பது? பிள்ளை பராமரிப்புக்குக் கொடுத்து, பெட்ரோல் போட்டு, டோல் கட்டி, மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாய் என் மேசையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தாள். முந்நூறு வெள்ளிகூடத் தேறவில்லை. "எழுதுங்க சார்" என்று பேனாவை என்னிடம் கொடுத்து விட்டாள்.

"கால் காசானாலும் கவர்மெண்டு காசு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கவர்மெண்டு உத்தியோகத்தையும் விடுகிற காலம் வந்து விட்டது. 2021 ஜூலை 26ஆம் தேதி, நாடெங்கும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடை அணிந்து வெளியே வந்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை டாக்டர் ஆவதற்காக வீட்டை அடகு வைத்த நம் பெற்றோர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. டாக்டருக்கும் நிரந்தர வேலை இல்லையா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நர்ஸ் பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். வெள்ளி மதிப்பு ஒரு காரணம். ஆனால் ஒரு நர்ஸ் எத்தனை நோயாளியைப் பார்க்க வேண்டும் என்பதும் ஒரு காரணம் என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள்.

வாத்தியார்மார் கதையையும் மறைக்காமல் சொல்லி விடுகிறேன். நாற்பது வயதானதும், பத்து வருஷச் சேவையாவது இருந்தால், விருப்பப் பணி ஓய்வுக்கு எழுதிப் போடலாம். எங்களில் எத்தனையோ பேர் எழுதிப் போடுகிறார்கள். என் மேசை அறையிலும் அந்த பாரம் ஒன்று இரண்டு வருஷமாகக் கிடக்கிறது. பாடம் சொல்லிக் கொடுக்கிற நேரத்தைவிட, சொல்லிக் கொடுத்தேன் என்று கணினியில் பதிகிற நேரம் கூடுதலாகி விட்டது. 150 பேருக்குக் குறைவான பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் வாத்தியாரும் கொஞ்சம் பேர்தானே? விளையாட்டு, ஆலோசனை, புத்தகக் கடன் திட்டம், பரிசளிப்பு விழா எல்லாம் நாலைந்து தலையில் விழுகிறது. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு, பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்தாமல் அறிக்கை தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த பாரத்தை இறக்கி வைத்தேன். இன்னும் நிரப்பவில்லை. ஏன் என்று கேட்டால், மறுநாள் காலையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முதன்முதலாக முழு வாக்கியம் வாசித்தது. அவ்வளவுதான். நாளை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஒன்றை மட்டும் அரசாங்க ஊழியர்கள் மறக்க வேண்டாம். விருப்ப ஓய்வு வேறு, ராஜினாமா வேறு. ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் அந்த ஓய்வூதியம் போச்சு. 2024க்குப் பிறகு புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டமே இல்லை, அவர்களுக்குச் சேமநிதிதான். ஆகவே அரசாங்க வேலையைப் பிடித்து வைத்திருந்த அந்தப் பழைய கயிறு இனி வருகிறவர்களிடம் இருக்காது.

அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் நாலு கோடியே எழுபது லட்சம் தடவைக்கு மேல் வேலைகள் விடப்பட்டனவாம். 'மாபெரும் ராஜினாமா' என்று அதற்குப் பேரே வைத்தார்கள். அங்கே ஒரு கதவு மூடும்போது பக்கத்திலேயே இன்னொரு கதவில் 'ஆள் தேவை' என்று பலகை தொங்கியது. நம் பையன் கடுதாசி கொடுப்பதற்கு முன்னால், நம் தெருவில் எந்தக் கதவில் பலகை தொங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன்

நம்மவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல பையன்கள் கடுதாசியே கொடுப்பதில்லை. திங்கட்கிழமை போகாமல் இருந்து விடுவார்கள், அவ்வளவுதான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சொல்லாமல் கொள்ளாமல், தக்க காரணமும் இல்லாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாக அர்த்தம். நோட்டீஸ் காலத்துக்கு ஈடான பணத்தை முதலாளி உங்களிடம் கேட்கலாம். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. எழுதாவிட்டால், இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு நாலு வாரம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஆறு வாரம், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் எட்டு வாரம். இது இரண்டு பக்கத்துக்கும் பொது. முதலாளி உங்களை நிறுத்தினாலும் அதே எட்டு வாரம்தான்.

இதைவிட மோசம், மற்றவர் சொல்லக் கையெழுத்துப் போடுவது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், இருபது வருஷச் சேவை. "கம்பெனியில் வேலை குறைந்து விட்டது, நீயே நின்று விடுவதாக எழுதிக் கொடுத்தால் உனக்கும் மரியாதை" என்று சொல்லியிருக்கிறார்கள். அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு மாதச் சம்பளமும் ஒரு கைக்குலுக்கலும் வாங்கிக்கொண்டு வந்து விட்டார். ஆட்குறைப்பு என்று கம்பெனி எழுதியிருந்தால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட சேவைக்கு வருஷத்துக்கு இருபது நாள் சம்பளம் வீதம் கொடுத்தாக வேண்டும். இருபது வருஷத்துக்கு நானூறு நாள் சம்பளம்! தானாக நின்றதாக எழுதியதால் அது இல்லை. 2018இல் தொடங்கிய சொக்சோவின் வேலைக் காப்புறுதிப் பணமும், தானாக நின்றவருக்குக் கிடைப்பதில்லை. கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினால் அது வேலை நீக்கம்தான் என்று தொழில் உறவு இலாகாவில் புகார் செய்யலாம். ஆனால் அறுபது நாளுக்குள் செய்ய வேண்டும். அவர் என்னிடம் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டியபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. "நீங்க அன்னிக்கே கேட்டிருந்தா..." என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

வேலை நின்றால் சேமநிதிப் பணத்தை எடுத்துவிடலாம் என்று நம்பிக் கடுதாசி கேட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு. முழுப் பணம் ஐம்பத்தைந்து வயதில்தான். 2024 மே மாதம் முதல் மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதற்கு வேலை நிற்க வேண்டியதே இல்லை.

சரி, அந்தப் பையன் கதைக்கு வருகிறேன்.

மறுநாள் காலை சொன்னபடி வந்தான், தனியாக. தேத்தண்ணி குடித்தான். நான் எதுவும் கேட்கவில்லை. சில நேரத்தில் கேட்காமல் இருந்தால்தான் பதில் வரும். கடைசியில் சொன்னான். அவனோடு வேலை செய்த கூட்டாளிக்கு அழுத்து மெஷினில் இரண்டு விரல் போயிருக்கிறது. மூன்று வாரம் கழித்து அதே மெஷினில் இவனைப் போட்டிருக்கிறார்கள். மூடி கழன்றது கழன்றபடி இருக்கிறதாம்.

"பயமா இருக்கு சார். ஆம்பளப் பிள்ள பயமா இருக்குன்னு எப்படி சார் சொல்றது? அம்மாகிட்ட பிடிக்கலன்னுதான் சொல்லியிருக்கேன்."

தாயாருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அடுக்குமாடி வீட்டுக்கு இன்னும் பத்தொன்பது வருஷக் கடன் இருக்கிறது, மகன் வேலையை விடப் போகிறான். முந்தின நாள் அவர் கும்பிட்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவனிடம் சொன்னேன், பயப்படுவது குற்றமல்ல என்று. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி சரி செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது. அவன் நம்பவில்லை. சட்டம் தாளில் இருக்கும், மெஷின் எதிரே இருக்கும் என்றான். அவன் சொல்வதும் சரிதான்.

அன்று இரண்டு கடுதாசி எழுதினேன். முதலாவது, மெஷினுக்கு மூடி போடும் வரை வேறு இடத்தில் வேலை கொடுக்கும்படி, தேதியும் மெஷின் எண்ணும் போட்டு. ஒரு நகல் அவன் கையில். இரண்டாவது, எட்டு வார நோட்டீசோடு வேலை நிற்கிற கடுதாசி. அதில் தேதி போடவில்லை. முதலாவதற்கு என்ன பதில் வருகிறது என்று பார், அதற்குள் ரவாங்கிலும் பத்தாங் காலியிலும் வேலை விசாரி, அம்மாவிடம் உள்ளதைச் சொல் என்று சொல்லி அனுப்பினேன்.

போன வாரம் சந்தையில் அந்தத் தாயாரைப் பார்த்தேன். முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் ஓரமாக வந்தார். மெஷினுக்கு மூடி போட்டு விட்டார்களாம். ஆனாலும் மகன் இப்போது பொட்டலம் கட்டுகிற பகுதியில். ஓ.டி. குறைவு, அதனால் மாதம் இருநூறு வெள்ளி குறைகிறது. பத்தாங் காலியில் ஓர் இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"விரலு போன விஷயத்த அவன் எங்கிட்ட சொன்னான் சார். மொதல்லயே சொல்லியிருந்தா நானே நிக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ரெண்டாவது கடுதாசி எங்கிட்டத்தான் இருக்கு. அரிசி டின்னுக்கு அடியில வெச்சிருக்கேன். கேட்டா குடுத்துடுவேன்" என்றார்.